பணியிட விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு

பணியிட விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு என்பது, வேலையின்போது காயமடைந்தவரின் கோரிக்கை மீது இழப்பீட்டு ஆணையர் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தொடரப்படும் வழக்கு ஆகும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 இதற்கு வழிவகுத்தது. 2010இல் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

முதல்நிலை விசாரணை

தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையரே இழப்பீட்டு ஆணையராகச் செயல்படுகிறார். விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் ஓர் அரிசி ஆலையிலோ கல்குவாரியிலோ காயமடைந்தவருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு இல்லையெனில், 2 ஆண்டுகளுக்குள் அவர் ஆணையரிடம் மனு அளிக்க வேண்டும். அவர் அங்கு வேலை பார்த்தவரா, காயம் வேலையால் ஏற்பட்டதா, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது ஆகியவை இங்கு முடிவாகின்றன.

மேல்முறையீட்டு விதிகள்

சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கலாம். விழுப்புரம் மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்லும். வழக்குத் தொகை குறைந்தது 10,000 ரூபாயாக இருக்க வேண்டும். 2017 திருத்தத்துக்கு முன் இது 300 ரூபாயாக இருந்தது. இழப்பீடு வழங்கும் உத்தரவை எதிர்க்கும் முதலாளி, அத்தொகையை ஆணையரிடம் செலுத்திய சான்றை மனுவுடன் இணைக்க வேண்டும்.

சட்டக் கேள்வி

முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே மேல்முறையீடு ஏற்கப்படும். தொகை போதவில்லை என்ற குறை மட்டும் போதாது. சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவு, சட்டத்தைத் தவறாகப் பொருத்திய முடிவு போன்றவை சட்டக் கேள்வியாகும். உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையரின் முடிவே இறுதியானது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது.

1975இல் ஒரு தச்சரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவரது இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்ற ஆணையரின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆகவே மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், சம்பளச் சான்று, மருத்துவரின் ஊன மதிப்பீடு, உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றை முதல்நிலையிலேயே பதிவு செய்வது அவசியம். அங்கு விடுபட்டதை மேல்முறையீட்டில் ஈடுசெய்வது கடினம்.

தற்போதைய நிலை

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 இச்சட்டத்தை உள்ளடக்கியது. அதன் 7ஆம் அத்தியாயத்திலும் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறது.