நெல் கட்டிய நகரத்தின் திருநாள்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கடற்கரையில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் முனையில் இருக்கிறது சார்ல்ஸ்டன். 1670இல் ஆங்கிலேயர் குடியேறி உருவாக்கிய ஊர். சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்த நகரத்துக்கு ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்காக ஒரு நீண்ட விழாப் பட்டியலும் இருக்கிறது. குளிர்காலத்தில் சிப்பி விருந்து. அசேலியா பூக்கும் மார்ச், ஏப்ரலில் பழைய மாளிகைகளும் தோட்டங்களும் கட்டணத்துக்குத் திறந்து காட்டப்படுகின்றன. அதே பருவத்தில் கூப்பர் ஆற்றுப் பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கானோர் ஓடும் பந்தயம். மே கடைசியில் தொடங்கி 17 நாள் நீளும் ஸ்பொலேட்டோ கலைவிழா. கோடை போனதும் மோஜா கலைவிழா, ஆண்டு முடிவில் விளக்கு அலங்காரம். எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், வசந்தத்தில் போங்கள் என்பதுதான். வெயில் கடுமையாக இருக்காது, பூ இருக்கும், ஜூனில் தொடங்கும் புயல் பருவமும் வந்திருக்காது. தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை இது சரியான பதில். ஊரைப் பொறுத்தவரை இது பாதிப் பதில்கூட ஆகாது என்று நினைக்கிறேன். சார்ல்ஸ்டனின் மிக ஆழமான கொண்டாட்டங்களை உண்டாக்கியவர்கள் அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள். வெளியூர்க்காரர் தம் பயணத்தை அவர்களுடைய நாள்களை வைத்துத் தீர்மானிப்பதே நியாயம்.

காரணம் நெல்லில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ்டனைச் செல்வம் கொழிக்கும் துறைமுகமாக்கியது அரிசி ஏற்றுமதி. ஆற்றோரச் சதுப்புக் காடுகளை வெட்டி, மைல் கணக்கில் மண்கரை எழுப்பி, கடல் ஏற்றத்தால் உயரும் ஆற்று நன்னீரை மதகு வழியாக வயலுக்குள் விட்டு, நீர் இறங்கும்போது வடியவிடும் பாசன முறை அங்கே வளர்ந்தது. வெட்டியதும் கரை போட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் உரலில் இட்டுக் குத்தியதும் அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். நெல்லின் போக்கு தெரிந்தவர்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இந்தத் துறைமுகம் வழியாக வந்ததாக மதிப்பிடுகிறார்கள். தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியா பரவியது. கோடை பிறந்ததும் நிலவுடைமைக் குடும்பங்கள் வயல் பக்கத்தை விட்டு வெளியேறிவிடும். முதல் உறைபனி விழுந்த பிறகே திரும்பும். விளைச்சல் விற்ற பணம் கையில் இருக்கும் குளிர்காலத்தில் நகரத்தில் அவர்களுடைய கொண்டாட்டப் பருவம் நடக்கும். 1766இல் தொடங்கிய செயின்ட் சிசிலியா சங்கத்தின் நடன விருந்து, பிப்ரவரியில் குதிரைப் பந்தய வாரம் என்று நாள்கள் நிரம்பியிருக்கும். காய்ச்சலுக்குத் தப்பி ஓட உரிமை இல்லாதவர்கள் வயலிலேயே கிடந்தார்கள். எந்த மாதத்தில் யார் மகிழ்ந்திருக்கலாம் என்பதை அந்த ஊரில் நெல்லும் கொசுவும் உடைமையும் சேர்ந்து முடிவு செய்தன.

அந்த நாட்காட்டியை விடுதலை பெற்றவர்கள் திருப்பிப் போட்டார்கள். இரண்டு நாள்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஜனவரி 1 அடிமைகளுக்குக் கொடிய நாள். ஆண்டுக் கணக்கு முடித்துக் கடனை அடைக்க அடிமைகளை விற்பதும், அடுத்த ஓராண்டுக்கு வேறு இடங்களுக்கு வாடகைக்கு அனுப்புவதும் அன்றுதான். கணவன் ஒரு திசை, மனைவி ஒரு திசை, பிள்ளைகள் வேறொரு திசை என்று குடும்பங்கள் பிரிந்தது அந்த நாளில். ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இரவு கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி விழித்திருந்தார்கள். அதே தேதியை உள்நாட்டுப் போருக்குப் பிறகு சார்ல்ஸ்டனின் கறுப்பின மக்கள் ஊர்வல நாளாக்கினார்கள். பிரிவின் நாளாக இருந்தது, குடும்பத்தோடு தெருவில் நடக்கும் நாளாக மாறியது.

இரண்டாவது நாள் 1865 மே 1. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அந்த உள்நாட்டுப் போர் தொடங்கிய இடம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் உள்ள சம்டர் கோட்டை. போரின் கடைசிக் காலத்தில், செல்வர்களின் அந்தக் குதிரைப் பந்தய மைதானத்தைத் தென் மாநிலப் படையினர் போர்க் கைதிகளை அடைக்கும் திறந்தவெளிச் சிறையாக்கினார்கள். குறைந்தது 257 வடவர் படைவீரர்கள் நோயாலும் வெயில் மழையாலும் இறந்தார்கள், அவசரமாகப் புதைக்கப்பட்டார்கள். பிப்ரவரியில் நகரம் வடவர் கைக்கு வந்தது. அதன் பிறகு கறுப்பினத் தொழிலாளர் சிலர் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிக் குழி வெட்டி, வரிசையாக அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வேலி அடைத்து வெள்ளையடித்தார்கள். நுழைவாயிலில் வளைவு எழுப்பி, பந்தய மைதானத்துத் தியாகிகள் என்று எழுதினார்கள். மே முதல் நாள் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டார்கள். புதிதாகத் திறந்த பள்ளிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேர் கை நிறைய ரோஜாப்பூவோடு முன்னே நடந்தார்கள். பின்னால் பெண்கள் பூக்கூடைகளோடு வந்தார்கள், ஆண்கள் அணிவகுத்து வந்தார்கள், கறுப்பினப் படைப்பிரிவுகளும் வந்தன. கல்லறைகள் பூவால் மூடப்பட்டன. பிறகு பேச்சு, பாட்டு, புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பாடு. எஜமானர்கள் குதிரை பார்த்துக் களித்த அதே தரையில் இது நடந்தது. போரில் இறந்தவர்களை நாடு முழுவதும் நினைவுகூரும் நாளின் முதல் வடிவம் இதுவே என்று வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் வாதிடுகிறார். வேறு ஊர்களும் அந்த முதன்மைக்கு உரிமை கோருகின்றன. நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூவுக்கு 1966இல் அரசு அங்கீகாரமே கிடைத்தது. யார் முதல் என்ற வழக்கில் எனக்கு அக்கறை குறைவு. தங்கள் விடுதலைக்காக இறந்த அந்நியர்களைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கம் செய்துவிட்டுப் பூவோடு வந்து நின்ற அந்தக் கூட்டத்தின் பண்பாடுதான் பெரிது.

இதை ஊர் மறந்தது தற்செயல் அன்று. அந்த உடல்கள் பின்னர் போஃபோர்ட் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. வெள்ளையர் ஆட்சி மீண்டும் இறுகிய காலத்தில் பழைய மைதானம் பூங்காவானது. அதற்குத் தென் மாநிலப் படைத்தளபதி வேட் ஹாம்ப்டனின் பெயர் சூட்டப்பட்டது. 1920களிலும் 30களிலும் சுற்றுலா ஒரு தொழிலாக வளர்ந்தபோது நகரம் தன்னை மாளிகைகளும் பூந்தோட்டங்களும் நிறைந்த அமைதியான பழைய ஊராகக் காட்டிக்கொண்டது. வசந்த கால வீடு பார்க்கும் பருவம் அந்த மனநிலையின் வாரிசு. மே 1 பற்றிய செய்தி ஆவணக் காப்பகத்திலிருந்து மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது 1990களில்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மாளிகைகளைக் காட்டி வரும் பணம்தானே நகரத்தைக் காப்பாற்றியது? உண்மை. 1931இல் அமெரிக்காவிலேயே முதன்முறையாக ஒரு பழைய குடியிருப்புப் பகுதியைச் சட்டத்தால் பாதுகாத்த நகரம் சார்ல்ஸ்டன். 1947இல் தொடங்கிய வரலாற்றுச் சார்ல்ஸ்டன் அறக்கட்டளை, வீடு காட்டும் பருவத்தின் வருமானத்தைக் கட்டடப் பாதுகாப்புக்குத் திருப்பியது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் என் வாதத்துக்கான சான்றுகளே மிஞ்சியிருக்காது. அதே அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள எய்க்கன்–ரெட் மாளிகையைப் பாருங்கள். 1820 அளவில் கட்டியது. அதைப் புதுப்பிக்காமல், இருந்தபடியே காத்துவைத்திருக்கிறார்கள். முன்கட்டில் விருந்துக் கூடம், உரிந்து தொங்கும் சுவர்க்காகிதம். பின்முற்றத்தில் சமையலறை, அதன் மேல்தளத்தில் அடிமைகள் படுத்த சிறு அறைகள். சுவரில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஊரில் பழைய செங்கற்கள் சிலவற்றில், ஈரம் காயுமுன் தூக்கிய அடிமைகளின் விரல் தடம் பதிந்திருக்கிறது. ஆகவே நான் வீடு பார்ப்பதை எதிர்க்கவில்லை. முன்வாசலோடு திரும்பிவிடும் பார்வையைத்தான் எதிர்க்கிறேன். கட்டணம் கட்டியவருக்குப் பின்முற்றத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு.

இன்னொரு மறுப்பு: விடுமுறைக்குப் போகிறவரைத் துயரத்துக்கு அழைக்கலாமா? இந்தக் கேள்வியில் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அடிமைப்பட்டவர்களின் வரலாறு என்றால் அழுகை மட்டுமே என்பது அது. மேலே சொன்ன இரண்டு நாள்களும் பாட்டும் பூவும் சாப்பாடும் நிறைந்தவை. இன்றும் புத்தாண்டு அன்று அந்த வட்டாரத்தில் காராமணியும் அரிசியும் சேர்த்துச் சமைத்த ஹாப்பின் ஜான் என்ற சோறும் கீரையும் சாப்பிடுவது வழக்கம். ஆண்டு வளமாக அமையும் என்பது நம்பிக்கை. அந்தச் சோறு ஆப்பிரிக்க வழிச் சமையல். இன்று எல்லா நிறத்தாரின் புத்தாண்டுச் சாப்பாடும் அதுவே. நகரச் சந்தையிலும் அருகிலுள்ள மவுண்ட் பிளசன்ட் நெடுஞ்சாலை ஓரத்திலும் கல்லா வழிப் பெண்கள் உட்கார்ந்து இனிப்புப் புல் கூடை பின்னுகிறார்கள். கல்லா என்பது கடலோரத் தீவுகளில் தனி மொழியோடு வளர்ந்த ஆப்பிரிக்க வழிச் சமூகம். காய்ந்த புல்லைக் கற்றையாகப் பிடித்து, சுருள் சுருளாக அடுக்கி, கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த ஊசியால் துளையிட்டு, பனை இனத்து ஓலைக் கீற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கருத்த கோடு வேண்டிய இடத்தில் பைன் ஊசியிலை. இன்று அழகுப் பொருளாக விற்கும் இந்தக் கூடைகளின் மூதாதை, நெல் வயலில் உமி போகப் புடைக்கப் பயன்பட்ட அகன்ற தட்டு. நம் வீட்டு முறத்தின் வேலையைச் செய்தது. 2006இல் இதை மாநிலக் கைவினையாக அறிவித்தார்கள். புல் வளரும் கடலோர நிலங்களை விடுதிகளும் குடியிருப்புகளும் விழுங்கிவிட்டதால், பின்னுகிறவர்கள் புல்லுக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை அறிந்தவர் விலையைக் குறைத்துக் கேட்க மாட்டார்.

ஸ்பொலேட்டோ கலைவிழாவையும் இந்த இடத்தில் பேச வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் ஜான் கார்லோ மெனோட்டி 1977இல் இங்கே தொடங்கிய இந்த விழாவில் ஐரோப்பிய மரபிசைக்குப் பெரிய இடம் உண்டு. 2022இல் அங்கே அரங்கேறிய ‘ஓமர்’ என்ற இசை நாடகம் அந்த ஊரின் கதையை மேடையேற்றியது. ஓமர் இப்னு சையது செனகலைச் சேர்ந்த கற்றறிந்த இஸ்லாமியர். 1807இல் சார்ல்ஸ்டனில் அடிமையாக விற்கப்பட்டவர். 1831இல் தன் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதிவைத்தவர். ரியானன் கிடன்ஸ், மைக்கேல் ஏபெல்ஸ் இசையமைத்த இந்தப் படைப்புக்கு 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. வெளியூர் ரசிகர்களுக்காக நடக்கும் விழாகூட ஊரின் கதையைத் தொட்டபோது தரத்தில் எந்த இறக்கமும் வரவில்லை. அந்த விழாவின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

மிகக் கடினமான மறுப்பு கடைசியில் வருகிறது. ஒரு சமூகம் தனக்காக வைத்துக்கொண்ட நாளில் வெளியாள்கள் கூட்டமாகப் போய் நின்றால், அதையும் காட்சிப் பொருளாக்கிவிட மாட்டார்களா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 1980இல் நகர மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். இன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றுலா உயர்த்திய வீட்டு விலையும் வாடகையும் அதில் பங்கு வகித்தன. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் வெளியாள்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள். அவர்கள் யாருடைய விழாவுக்கு வருகிறார்கள், யார் கையில் பணம் கொடுக்கிறார்கள், யார் சொல்லும் கதையைக் கேட்கிறார்கள் என்பதை மாற்ற முடியும். 2018 ஜூன் 19 அன்று நகர மன்றம் அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையில், 2023 ஜூனில் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நகரம் தன் பங்குக்குச் சில அடிகள் வைத்திருக்கிறது, வருகிறவரும் வைக்கலாம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் நம்மிடையே இன்று ஏராளம். சார்ல்ஸ்டன் உங்கள் திட்டத்தில் இருந்தால், முடிந்தவரை புத்தாண்டை ஒட்டிப் போங்கள். முடியாவிட்டால் செப்டம்பர் கடைசியில், ஆப்பிரிக்க அமெரிக்க, கரீபியக் கலைகளுக்காக நடக்கும் மோஜா விழாவுக்குப் போங்கள்; அது புயல் பருவம் என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில்தான் போக முடியும் என்றால் ஹாம்ப்டன் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். பழைய பந்தயப் பாதையின் வட்டம் இன்றும் அங்கே சாலையாக இருக்கிறது. ஜனவரி 1 ஊர்வலம் நகரத்தின் பொதுத் தெருக்களில் நடப்பது. ஓரமாக நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது.