தாத்தாவின் பல்ப்பரும் நாலு கோட்டு பெயிண்ட்டும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டார். "கவிதை தரட்டுமா?" என்றேன். "ஏற்கெனவே மூட்டை கட்டி வெச்சிருக்கேன், வேற எதுனா எழுதுப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே உங்களுக்குக் கவிதை தப்பியது, பெயிண்ட் உரித்த கதை மாட்டியது.

எனக்கு ஊர் கொல்லிமலை. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் இறங்கி நடக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, இதுதான் எங்கள் காடு. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோல் எடுத்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் புளித்துப் போகும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார். தோல் எடுக்கிற மிஷினுக்குத்தான் பல்ப்பர் என்று பெயர். வார்ப்பிரும்பு உடம்பு, உள்ளே முண்டு முண்டாகச் செப்புத் தகடு போர்த்திய உருளை, பக்கத்தில் கையால் சுற்றும் சக்கரம். தாத்தா வாங்கியது. பத்து வருஷமாகக் கொட்டகையில் சும்மா கிடந்தது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று அப்பா சொல்ல, "கார்த்திகைக்குள்ள நான் ஓட வெச்சுக் காட்டறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். டிப்ளமோ படிக்கிற கொழுப்பு!

பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் உடம்பு தெரிய வேண்டும். தெரிந்ததோ பெயிண்ட் மட்டும்தான். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அப்புறம் சாம்பல், அடியில் இரும்பை ஒட்டி ஆரஞ்சு. இந்த நாலு கோட்டுக்குள் ஒரு விரிசல் ஒளிந்திருந்தால் எப்படித் தெரியும்? கையில் கிடைத்த கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி, காப்பி உலர்த்தும் களத்திலேயே வைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். களமெல்லாம் தூள். அக்கா மகள், மூன்று வயசு, அந்தத் தூளில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமை கல்லூரிக்கு வரும்போது பெயிண்ட் செதில் நாலைந்தைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தேன். வேதியியல் லேபில் சார் அதை வாங்கிப் பார்த்தார். ஆரஞ்சுச் செதிலின் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். ஆரஞ்சு பழுப்பாக மாறியது. வடிகட்டிய திரவத்தில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தார். மஞ்சள் வீழ்படிவு! அதைச் சூடாக்கினால் கரைந்தது, ஆறவிட்டால் தங்கப் பொடி மாதிரி மின்னிக்கொண்டு இறங்கியது. முதலாம் ஆண்டில் நாம் பரீட்சைக்காக உருப்போட்ட அதே லெட் அயோடைடு. "செவ்வீயம்டா இது, ரெட் லெட். எங்க வெச்சுத் தேய்ச்ச?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் இரும்புக்குத் துருத் தடுப்பு என்றாலே ரெட் லெட் பிரைமர்தான். வேலை நன்றாகச் செய்யும், அதில் குறையில்லை. ஆனால் ஈயத் தூள் மூச்சிலோ வாயிலோ போனால், வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெயிண்ட்டிலும் அலங்காரப் பெயிண்ட்டிலும் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. மிஷினுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் அந்த விதிக்குள்ளேயே வராது. ஆக, பழைய மிஷின் எதுவானாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கையை வைக்க வேண்டும்.

அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டேன். அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை நான் போய்க் களத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மேல் மண்ணை வழித்து எடுத்தேன். காய்ந்த தரையைப் பெருக்கினால் தூள் மறுபடி பறக்கும். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி எப்படித்தான் உரிப்பது? "விறகப் போட்டு எரிச்சுடு, பெயிண்ட் தானா உதிரும்" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். நெருப்பில் ஈயம் புகையாகக் கிளம்பும். போதாததற்கு, வார்ப்பிரும்பு ஒரு பக்கம் சூடேறி ஒரு பக்கம் குளிர்ந்தால் டப்பென்று வெடித்துவிடும். மணல் வீச்சு? சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும் என்பதால், வார்ப்புகளை மணல் வீசிச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949-லேயே விதி போட்டுத் தடுத்தது. கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரில் டைகுளோரோமீத்தேன் இருந்தால் அதுவும் லேசுப்பட்டதல்ல. அதன் ஆவியை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் ஆள் விழுந்தே போகலாம். சாதாரண மாஸ்க் தடுக்காது. பொதுமக்களுக்கு அதைச் சில்லறையில் விற்பதை அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது.

நான் பிடித்தது காஸ்டிக் சோடா. பழைய எண்ணெய்ப் பெயிண்ட், அல்கைட் எனாமல் எல்லாம் எஸ்டர் வகை. காரம் பட்டால் சோப்பாகிவிடும், நம்ம சோப்புத் தயாரிப்புப் பாடமேதான். எப்பாக்சி பெயிண்ட்டில் இந்த வித்தை பலிக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சோடா. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். செங்குத்துப் பக்கத்தில் தண்ணீர் நிற்காதே? அதற்கு எங்க ஊர் மருந்து, மரவள்ளி மாவு! கரைசலில் மாவைக் கலக்கினால் அடுப்பே இல்லாமல் கஞ்சியாகிவிடும். பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, காயவிடாமல் ஒரு ராத்திரி. எங்கள் குளிருக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று. காலையில் பட்டித் தகட்டால் வழித்தால், நாலு கோட்டும் பழைய களி மாதிரி வந்தது. எல்லாம் ஈரம், தூளே இல்லை. கழுவிவிட்டு வினிகர் போட்டுத் துடைத்துக் காரத்தை முறித்தேன். புஷ், பேரிங், தேய்த்த முகங்களுக்கு முன்கூட்டியே கிரீஸ் தடவித் தாள் ஒட்டியிருந்தேன். செப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இத்தனை ஜாக்கிரதையிலும் ஒன்று கோட்டை விட்டேன். மேல் மூடியை அப்படியே வாளியில் போட்டிருந்தேன். ராத்திரி புஸ்ஸென்று நுரைக்கும் சத்தம் கேட்டது, பெயிண்ட் வேகிறது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால், மூடியின் நடுவே கையளவுக்கு நாலு ரிவெட் ஓட்டை, ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு துண்டுத் தகடு. பெயிண்ட்டுக்கு அடியில் அலுமினியப் பெயர்ப்பலகை இருந்திருக்கிறது. அலுமினியத்தைக் காஸ்டிக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும் என்பது எனக்குத் தெரியும், பரீட்சையில் சமன்பாடே எழுதியிருக்கிறேன். தாத்தா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாங்கின வருசம் இதுலதான் இருந்துச்சு" என்றார். பெயிண்ட் உரிக்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் எதுவோ அதைக் கழற்றிவிடுங்கள்.

போல்ட், நட்டு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் மின்னாற்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் தகடு. நம்ம சாமானுக்கு மைனஸ், தகட்டுக்கு பிளஸ். மாற்றிக் கொடுத்தால் சாமான் கரையும். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சாக இறங்கும், ஆகாது. ஸ்பிரிங்கை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி ஒடிந்துவிடும். ஹைட்ரஜன் கிளம்பும் வேலை என்பதால் வெட்டவெளியில்தான் வைத்தேன்.

உரித்து முடித்தபோது கால் ஒன்றில் மெல்லிய விரிசல் தெரிந்தது. வெறுமனே மேலே புதுசாக பச்சை அடித்திருந்தால் சுற்றும்போது ஒடிந்து யார் காலிலாவது விழுந்திருக்கும். நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்தோம். பிரைமருக்கு எங்கள் மூடுபனிதான் வில்லன். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும். காலையில் கண்ணுக்குத் தெரியாமல் இரும்பு வேர்த்திருக்கும். வெயில் ஏறிப் பத்தரைக்குக் கடைசியாக உப்புத்தாள் போட்டு, துருப் பூக்குமுன் மதியத்துக்குள் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்தேன். பழம் படும் உட்பக்கத்துக்குப் பெயிண்ட்டே கிடையாது. சமையல் எண்ணெய் துடைத்ததோடு சரி.

கார்த்திகை கடைசியில் பல்ப்பர் சுற்றியது. தாத்தாதான் முதல் சுற்று. குழந்தையும் திரும்பி வந்துவிட்டாள். களத்தில் இப்போது தார்ப்பாய் விரித்துத்தான் காப்பி உலர்த்துகிறோம். வழித்த பெயிண்ட்டும் மண்ணும் மூடி இறுக்கிய டப்பாக்களில் கொட்டகைப் பரண் மேல் இருக்கின்றன. ஓடையில் கொட்டினால் ஐயாற்றில்தான் போய்ச் சேரும். அபாயக் கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வழி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டப்பாக்கள் மேல் "ஈயம், தொடாதே" என்று எழுதி ஒட்டியாயிற்று.