சம்பளத்தோடு நர்ஸ் படிப்பு: வாசல் உண்டு, இடம்தான் குறைவு

இங்கிலாந்து மருத்துவமனை வார்டுகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது பெரும்பாலும் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்டுகள்தான். அரசு சுகாதார சேவையான என்.எச்.எஸ். சம்பள வரிசையில் இவர்கள் 2 அல்லது 3-ஆம் பேண்ட். பட்டம் முடித்துப் புதிதாக வரும் நர்ஸ் 5-ஆம் பேண்ட்.

இவர்களில் நர்ஸ் ஆக நினைத்தவர்களுக்கு 2017 ஒரே நேரத்தில் இரண்டு சேதிகளைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் முதல் புதிய நர்சிங் மாணவர்களுக்கு உதவித்தொகை நின்றது. கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நர்சிங்கில் டிகிரி அப்ரெண்டிஸ் திட்டமும் தொடங்கியது. வேலையை விடாமல், சம்பளம் வாங்கிக்கொண்டே, பொதுவாக 4 ஆண்டில் பட்டம். கட்டணம் மாணவர் தலையில் விழாது.

பிறகு ஏன் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை?

காரணம் கணக்கில் இருக்கிறது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் 0.5 சதவீதம் அப்ரெண்டிஸ் வரி கட்டுகின்றன. படிப்புக் கட்டணம் அந்தப் பணத்திலிருந்து போகிறது. ஆனால் பயிற்சியில் இருப்பவரின் சம்பளத்துக்கோ, அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆளுக்கோ அதைத் தொட முடியாது. நர்ஸ் பதிவுக்கு 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் பாதி வகுப்பு, பாதி வார்டு. அந்த வார்டு நேரத்திலும் அவர் மாணவர்தான், ஷிஃப்டின் ஆள்கணக்கில் சேரமாட்டார். ஆக, ஒருவரைப் படிக்க அனுப்பும் மருத்துவமனை அந்தப் பயிற்சி நேரத்துக்கு இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன்பே வார்டு மேனேஜரிடம் பேச வேண்டியிருக்கிறது. அவர் ஆதரவில்லாத மனு பல இடங்களில் நகராது. அடுத்த தடை சான்றிதழ்: ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வில் ஆங்கிலம், கணிதத்தில் 4-ஆம் கிரேடு, அல்லது அதற்கு ஈடான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 கேட்பது வழக்கம். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்கள் முதலில் முடிக்க வேண்டியது இதைத்தான்.

விண்ணப்பக் கடிதத்தில் 'பிறருக்கு உதவப் பிடிக்கும்' என்ற வரி எல்லோரிடமும் இருக்கும். தேர்வாளர் தேடுவது நடந்த சம்பவத்தை. ஒரு நோயாளியின் மூச்சு நிமிடத்துக்கு 26 எனப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டறிய என்.எச்.எஸ். பயன்படுத்தும் 'நியூஸ் 2' அட்டவணையில் 25-க்கும் அதற்கு மேலும் 3 மதிப்பெண். உடனே நர்சிடம் சொல்லியாக வேண்டிய நிலை. யாரிடம், என்ன சொன்னார், பிறகு என்ன நடந்தது என நான்கு வரியில் எழுதத் தெரிந்தவர் முன்னால் நிற்கிறார்.

நேர்காணலோடு கணக்குத் தேர்வும் வரலாம். ஒரு லிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லி என்று தடுமாறாமல் வர வேண்டும்.

இடம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது: நர்சிங் அசோசியேட். 2 ஆண்டுப் பயிற்சி, 4-ஆம் பேண்ட், 2019 ஜனவரி முதல் நர்சிங் கவுன்சிலில் முறையான பதிவு. அதை முடித்தவர் பின்னர் நர்ஸ் பட்டத்துக்குப் போனால் முன்பு படித்தது கணக்கில் சேரும். 4 ஆண்டுப் படிப்பு ஏறக்குறைய பாதியாகும்.