அழகான வழியா, வயிறு தாங்கும் வழியா?

"ஏங்க, லீவுக்குக் கார்லயே கொல்லிமலை போயிடலாமா?" திருவொற்றியூர் வீட்டில் இப்படி ஆரம்பிக்கும் பேச்சு, மலைப்பாதையில் கவரைத் தேடுவதில் முடியும். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது. செல்போனில் பதிந்த கண்ணோ 'சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. மூளை குழம்பிப்போகிறது. குமட்டல் வருவது அதனால்தான். 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம்.

அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போங்களேன். முட்டுக்காடு காயல், மாமல்லபுரம், மரக்காணம் உப்பளம் என்று கண்ணுக்குக் குறைவில்லை, வளைவுகளோ குறைவு. பிள்ளையைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, முன்கண்ணாடி வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வட சென்னைக்காரர்களுக்கு முதல் அரை மணிதான் சோதனை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனால், டீசல் புகையே ராயபுரம் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டிவிடும். அதுவரை கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கொடுங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை அது. ஸ்டியரிங் பிடிப்பவர் தொடவே கூடாது!