அலமாரியில் கேமரா, ஓடிக்கொண்டிருக்கும் வாரண்டி

கல்யாண வீடியோ எடுப்பவர் ஒரு கேமரா வாங்கினால் மறுநாளே முகூர்த்தத்துக்குக் கொண்டுபோகிறார். குறை இருந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும், அடுத்த நாள் கடை வாசலில் நிற்பார். நம் வீடுகளில் அப்படி இல்லை. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய கேமரா பெட்டியோடு அலமாரிக்குள் போகிறது. மே மாதம் கொடைக்கானலில்தான் அது முதன்முதலாக ஒழுங்காக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் சூடேறி அணைந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ போயிருக்கும், ஒரு வருட வாரண்டியில் பாதியும் போயிருக்கும். நீங்கள் எத்தனை நாள் படம் பிடித்தீர்கள் என்று வாரண்டி பார்ப்பதில்லை. பில்லில் இருக்கும் தேதியைத்தான் பார்க்கிறது. எப்போதாவது பயணம் போகிறவர் கேமரா வாங்கும்போது மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் கருத்து. எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் யோசித்துவிடுங்கள். குழந்தை கடலில் கால் நனைப்பதையும், ரயில் ஜன்னல் வழியே போகும் வயல்களையும் எடுக்க இன்றைய நடுத்தர விலை போனே போதும். தூரத்து யானையை நெருக்கமாகக் காட்டும் லென்ஸ் ஜூம், ஒரு மணி நேர நாட்டிய நிகழ்ச்சியை முழுதாகப் பிடிக்கும் பொறுமை, இருட்டில் புள்ளி தெறிக்காத படம், இவற்றுக்குத்தான் தனிக் கேமரா வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தத் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வாடகைக் கடையில் அசல் ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ அடமானமாகக் கொடுக்காதீர்கள், நகல் போதும். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். லென்ஸில் ஏற்கெனவே இருக்கும் கீறலைக் கடைக்காரர் முன்னாலேயே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கீறல் உங்கள் தலையில் விழாது.

வாங்குவதென்று முடிவானால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. '4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்' என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெயர் தெரியாத கேம்கார்டர்களை ஆன்லைனில் நிறையப் பார்க்கலாம். 4கே வீடியோவின் ஒரு சட்டகம் 3840க்கு 2160 புள்ளி, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிதான். அதற்கு 48 மெகாபிக்சல் தேவையே இல்லை. பல சமயம் உள்ளே சின்ன சென்சார்தான் இருக்கும். அது பிடித்த சிறிய படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி எண்ணிக்கை காட்டுகிறது. டிஜிட்டல் ஜூம் என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டும் வேலைதான். இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆன்லைனில் ஆர்டர் போடும் அன்றே அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு போய்ப் பார்த்தால் வாசகம் மாறியிருக்கலாம்.

இனி பில். சென்னை ரிச்சி தெருவோ, பெரிய ஷோரூமோ, எங்கே வாங்கினாலும் இந்தப் பேச்சு காதில் விழ வாய்ப்புண்டு: "சார், பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் சேரும், வேணாம்னா இந்த ரேட்டுக்கே முடிச்சிடலாம்." பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று யாரும் கேட்க முடியாது. பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. சிலர் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட சீட்டை நீட்டுவார்கள். அது பில் ஆகாது. உண்மையான பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். கேமராவின் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் அதில் ஏற வேண்டும். அந்த நம்பர் பெட்டியிலும், கேமராவின் அடியிலும், பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். பில் வெப்பத்தாளில் அடித்ததாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, செய்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. ஸ்டிக்கர் இல்லாமல் விலை மட்டும் சில ஆயிரம் குறைந்திருந்தால் அது முறையான வழியில் வராத சரக்காக இருக்கலாம். கடைக்காரர் 'ஷாப் வாரண்டி' என்று கையெழுத்திட்டுத் தரும் அட்டையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏற்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமா கொண்டுவரும் கேமராவும் இதே சிக்கலில் மாட்டலாம். பல கேமராக்களுக்கு வாரண்டி, வாங்கிய நாட்டோடு சரி. வாங்கும் முன் அந்த மாடலின் வாரண்டி அட்டையில் இந்தியா உண்டா என்று எழுத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, இங்கே வாங்கிய விலையுயர்ந்த கேமராவோடு நீங்கள் வெளிநாடு போகிறீர்கள் என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது 'இது அங்கே வாங்கியதுதானே, தீர்வை கட்டுங்கள்' என்ற பேச்சு எழாது. டிரோனை மட்டும் யாரிடமும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்குத்தான் விலக்கு.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டிலிருந்து சீரியல் நம்பர் வரை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பிறகு அதை அலமாரியில் வைக்காமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். மதிய வேளையில் மொட்டை மாடி நிழலில் 4கேயில் வைத்து நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் பதிவு நேரம் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. நம்மூர் வெயிலில் கேமரா என்ன செய்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பழைய மாடல்கள் சில 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே நிற்கும். அது பழுதில்லை. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவிக்கு ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கான சுங்கம் விழுந்ததால் கம்பெனிகள் வைத்த எல்லை அது. நாட்டிய நிகழ்ச்சி எடுக்க வாங்குகிறவர் இதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேமரா நன்றாக இருந்தும் பயணமே பதிவாகாமல் போவதற்கு மெமரி கார்டு ஒரு பெரிய காரணம். போலிக் கார்டில் 512 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், கேமராவும் கணினியும் அப்படியே காட்டும், உள்ளே இருப்பது 32 ஜி.பி.யாக இருக்கலாம். அந்த அளவைத் தாண்டியதும் புதுக் காட்சி பழைய காட்சியின் மேலேயே எழுதப்படும், அல்லது திறக்காத கோப்பாகத் தங்கும். வீடு திரும்பி டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். கண்டுபிடிக்க வழி எளிது: கார்டை ஒருமுறை முழுக்க நிரப்பி, முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு முக்கியம் எழுதும் வேகம்; வி30 என்ற குறி இருந்தால் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாது என்று பொருள். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. போகும். எத்தனை கார்டு வேண்டும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடுதல் பேட்டரி வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் அது கைப்பையில்தான் வர வேண்டும்.

சென்னை, நாகை, தூத்துக்குடி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. துணியால் சுற்றி மரப்பெட்டிக்குள் மாதக்கணக்கில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருக்கும். இதை உற்பத்திக் குறையாகக் கம்பெனி ஏற்காது, வாரண்டியும் கைகொடுக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

போகும் இடத்தில் படம் பிடிக்க அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் கேமராவும் கூடாது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் முக்காலி வைத்து எடுக்கத் தனி அனுமதி வேண்டும்.

குறை கண்ட பிறகு என்ன செய்வது? போனில் பேசியதோடு விடாமல் விற்றவருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் 'செக்கிங்' என்று எழுதினால் விடாதீர்கள். '4கேயில் 12ஆம் நிமிடம் சூடேறி அணைகிறது' என்று எழுதச் சொல்லுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அடித்திருந்தால் பயப்பட வேண்டாம். பழுதுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பவருக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது. ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

அதிலும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலிவாசி என்றால் திருநெல்வேலியிலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தேவைப்பட்டால் ஆணையமே கேமராவை ஆய்வகத்துக்கு அனுப்பும். மாற்றுக் கேமராவோ, கொடுத்த பணமோ, அதோடு நட்ட ஈடும் வழக்குச் செலவும் கேட்கலாம். வழக்குத் தொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் 'கேமராவை வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்போம்' என்பதை அப்படியொரு காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.