முகத்தில் பரு, மனத்தில் வடு

வள்ளூரில் அண்மையில் நடந்த ஒரு நிச்சயதார்த்த விழாவிற்கு நாம் சென்றிருந்தோம். குடும்பத்தாருடன் படம் எடுக்க அனைவரையும் அழைத்தபோது, மணப்பெண்ணின் தம்பி மட்டும் வரவில்லை. வயது இருபது, அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கைக்குட்டையால் கன்னத்தை மறைத்தவாறு சமையற்காரர்கள் பக்கமே நின்றுகொண்டான். "பிள்ளை வெட்கப்படுகிறான்" என்று அத்தை சிரித்தார். அது வெட்கமன்று. அவன் கன்னத்திலும் மோவாயிலும் சீழ் கட்டிய பருக்கள் நிறைந்திருந்தன.

பந்தி முடிந்தபின் அவனிடம் பேச்சுக் கொடுத்தோம். "பேசும்போது யாரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை ஐயா, கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள்" என்றான். நல்லதொரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் அவன் போகவில்லையாம். வீட்டில் எவருக்கும் இது தெரியாது.

"வயதுக் கோளாறு, கலியாணமானால் சரியாகிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 12 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஓரளவேனும் பரு வருகிறது என்பது மெய்யே. ஆனால், எல்லோருக்கும் வருவது எல்லோரையும் ஒரேயளவில் வருத்துவதில்லை. சிலருக்குக் குழியாய், கருந்தழும்பாய் நின்றுவிடுகிறது. நம் மாநிறத் தோலில் அக்கருமை மறையப் பல மாதங்கள் ஆகும்.

இது அழுக்கினால் வருவதன்று. பருவ வயதில் சுரக்கும் இயக்குநீர்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன, மயிர்க்கால் அடைபடுகிறது, கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. கரும்புள்ளியின் கருமையும் அழுக்கன்று. "முகம் கழுவமாட்டாயா?" என்று தாய் கேட்டதால், இவன் நாளுக்கு ஆறுமுறை சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறான். தேய்க்கத் தேய்க்கப் புண்தான் மிஞ்சியது. போதாக்குறைக்கு, வேர்வையோடு தலைக்கவசத்தின் பட்டை மோவாயில் உராய்வதும், எந்திர எண்ணெய் படுவதும் பருவை மிகுவிக்கக் கூடியவை.

இதனினும் பெரிய கேடு ஒரு சிறு களிம்புக் குழாயில் வந்தது. நண்பன் சொன்னதைக் கேட்டு மருந்துக் கடையில் வாங்கினான். சில நாள்களில் முகம் தெளிந்தது, மகிழ்ந்துபோனான். மூன்று மாதத்தில் தோல் மெலிந்து சிவந்தது, வெயில் பட்டால் எரிந்தது. களிம்பை நிறுத்தினால் பரு முன்னிலும் அதிகமாகக் கிளம்பியது. அதிலிருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களைப் பெற்றோர் குறித்துவைத்துக் கொள்வது நலம். இத்தகைய 14 ஸ்டீராய்டு மருந்துகள் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-இல் நடுவண் அரசு அறிவித்தது. சீட்டு கேட்கும் கடைகள் எத்தனை என்பதை வாசகர்களே அறிவர். நெடுநாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டியே நிறுத்த வேண்டும்.

முறையான சிகிச்சை உண்டு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் பலன்தர எட்டு முதல் பன்னிரண்டு வாரமாகும். இரண்டு வாரத்தில் சலித்து மருந்தை எறிபவர்களே பலர். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பிலன்றி உட்கொள்ளலாகாது. கருவுற்ற பெண் உட்கொண்டால் சிசுவுக்குக் கடும் ஊனம் நேரும். மணமாகவிருக்கும் பெண்கள் இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை உணவையும் உறக்கத்தையும் விட்டு ஒதுங்கியிருந்தால், அதையும் அதே மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

வள்ளூரிலிருந்து தோல் மருத்துவரைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் வந்து இராயபுரத்தில் இறங்கினால், அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. தாயும் மகனுமாகச் சென்று காட்டிவந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து அத்தாயைச் சந்தித்தோம். "இன்னும் முழுதும் போகவில்லை ஐயா. ஆனால் வீட்டில் யாரும் இப்போது அவன் முகத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அத்தையிடமும் சொல்லிவிட்டேன்" என்றார். அடுத்த நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறானாம். அதில் ஒட்டுவதற்குத்தான் இன்னும் படம் எடுக்கவில்லை.