ஆலோசகர் யார்? விற்பனையாளர் யார்?

வழக்குரைஞராகத் தொழில் புரிய 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் என்று பெயர்ப்பலகை வைக்க 1949-ஆம் ஆண்டின் சட்டம் தகுதி கேட்கிறது. ஆனால், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்புக்கு வழிகாட்டும் நிதித் திட்டமிடுநருக்கு அத்தகைய தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

இது வெறும் பெயர் குறித்த சிக்கல் அன்று. பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் தங்கள் காப்பீட்டுப் பத்திரங்களை என்னிடம் காட்டி விளக்கம் கேட்பதுண்டு. 'வைப்புத்தொகை போன்றதுதான்' என்ற சொல்லை நம்பி, பணிக்கொடையின் பெரும்பகுதியைப் பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் செலுத்தியிருப்பார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க இயலாது என்பது பிறகே அவர்களுக்குத் தெரியவரும். அறுபது வயதில் இழக்கும் சேமிப்பை மீண்டும் ஈட்டுவது எளிதன்று.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், தரமானவை பின்தள்ளப்படும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். நிதி ஆலோசனையிலும் அதுவே நிகழ்கிறது. தரகு பெறுபவர் 'இலவசமாக' ஆலோசனை தருகிறார். அத்தரகு நம் பணத்திலிருந்தே கழிகிறது. வெளிப்படையாகக் கட்டணம் கேட்கும் நேர்மையான ஆலோசகரோ வாடிக்கையாளர் இன்றித் தவிக்கிறார்.

இதைச் சீரமைக்கவே செபி 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைத் தரகும் பெறுவதற்கு 2020-இல் தடை விதித்தது. ஆயினும், காப்பீடு குறித்து மட்டும் ஆலோசனை கூறும் முகவர்கள் இவ்விதிகளுக்கு வெளியே உள்ளனர். அவர்கள் வேறோர் ஆணையத்தின்கீழ் வருகின்றனர். சேமிப்பவரின் பணம் ஒன்றுதான். அதைக் காக்கும் விதிகள்தாம் துறைதோறும் பிரிந்து கிடக்கின்றன.

பிரிட்டனில் முதலீட்டு ஆலோசனைக்குத் தரகு பெறுவது 2012-ஆம் ஆண்டின் இறுதியில் தடை செய்யப்பட்டது. அதனைத் தொடர்ந்து, கட்டணம் செலுத்த இயலாத சிறு சேமிப்பாளர்கள் ஆலோசனையின்றி விடப்படுகின்றனர் என்ற கவலையும் அங்கே எழுந்தது. எனவே, முழுத் தடையை உடனே நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2022 முதல், அங்கீகரிக்கப்பட்ட சான்று பெற்றவர் மட்டுமே நிதித் திட்டமிடுநர் என்னும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்துள்ளது. அதுவே நமக்கும் நல்ல தொடக்கமாக அமையும். அதனுடன் எல்லா நிதித் திட்டங்களுக்கும் பொதுவான நடத்தை விதி, பெறும் தரகை ரூபாய்க் கணக்கில் எழுதித் தரும் கட்டாயம், தவறினால் இழப்பீடு ஆகியவையும் தேவை.

சட்டம் வரும்வரை சேமிப்பாளர்கள் விழிப்புடன் இருத்தல் நலம். ஆலோசகரின் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைத் திருப்பியளிக்க உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கையொப்பமிடும் முன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: 'உங்களுக்கு ஊதியம் தருபவர் யார்?' பதில் சொல்லத் தயங்குபவரிடம் சேமிப்பை ஒப்படைக்க வேண்டாம்.